துண்டும் துண்டும் சேரும் இடம்: சைகடெலிக் கொலாஜ் ஆல்பம் அட்டை செய்யத் தொடங்குபவர்களுக்கு

வெவ்வேறு படங்களை வெட்டி ஒட்டி, கனவுபோல் மயக்கும் ஒரே படமாக்குவதுதான் சைகடெலிக் கொலாஜ். அதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். விண்மீன் கூட்டம், காளான், நெற்றிக் கண், தலைக்குப் பதில் பூ, பட்டாம்பூச்சி என்று விசித்திரமானதையெல்லாம் தேடிச் சேர்த்து ஒரே சதுரத்துக்குள் அடைக்கிறார்கள். படம் நிறைந்துவிடுகிறது. மயக்கம் மட்டும் வருவதில்லை. ஏனென்றால் இந்தக் கலையின் மயக்கம் துண்டுகளில் இல்லை, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இருக்கிறது. பெண்ணின் கழுத்து எங்கே முடிகிறது, அருவி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாமல் போகிறதே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வெட்டலும் ஒட்டலும். அந்த இணைப்பு நம்பும்படி அமைந்துவிட்டால் மிகச் சாதாரணமான இரண்டு படங்களே போதும்.

கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்யலாம், கணினியில் மட்டுமே செய்யலாம், இரண்டையும் கலக்கலாம். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கலப்பு வழி: வெட்டி அடுக்குவது காகிதத்தில், நிறமும் முடிப்பு வேலையும் கணினியில். காகிதத்தில் இருக்கும் துண்டை விரல் நுனியில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. அந்தக் கட்டுப்பாடுதான் முடிவெடுக்கப் பழக்குகிறது.

முன்னோடிகளிடம் எதைப் பார்ப்பது

1919இல் பெர்லினில், கலை மரபுகளைக் கேலி செய்து உடைத்த டாடா இயக்கத்தைச் சேர்ந்த ஹன்னா ஹோக் செய்தித்தாள், பத்திரிகைப் படங்களை வெட்டிச் செய்த பெரிய கொலாஜில் வெட்டுகள் அப்பட்டமாகத் தெரியும். தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது என்பதை அவர் மறைக்க முயலவே இல்லை. மாக்ஸ் எர்ன்ஸ்ட் இதற்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி, 182 படங்கள் கொண்ட ஒரு கொலாஜ் நாவலை 1934இல் வெளியிட்டார். எல்லாத் துண்டுகளும் ஒரே வகைக் கோடுகளால் ஆனவை என்பதால் ஒட்டு தெரியாது. அச்சில் பிரதியானபின் காகித விளிம்பும் மறைந்துவிடும். அட்டைக் கலைஞர்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், மயக்கம் தரும் வழி எர்ன்ஸ்டுடையதுதான் என்பது என் கருத்து.

ஆல்பம் அட்டைகளுக்கு வந்தால், முதலில் 1966இல் வெளியான பீட்டில்ஸின் 'ரிவால்வர்'. கிளாவுஸ் ஃபோர்மன் கோடுகளால் வரைந்த நான்கு முகங்கள். அவற்றின் தலைமுடிக்குள் சிறு சிறு புகைப்படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். முழுக்கக் கறுப்பு வெள்ளை. சைகடெலிக் என்றாலே வானவில் நிறங்கள் என்று நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. அட்டைக்கான கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது. அடுத்து, 1967இல் க்ரீம் குழுவின் 'டிஸ்ரேலி கியர்ஸ்' ஆல்பத்துக்கு மார்ட்டின் ஷார்ப் செய்தது. பழைய அலங்காரப் படத் துண்டுகளும் குழுவின் புகைப்படமும் ஒளிரும் வண்ணங்களில் பிணைந்து கிடக்கும். மூன்றாவது, ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் ஹிப்னாசிஸ் என்ற பெயரில் 1968இல் பிங்க் ஃபிளாய்டுக்குச் செய்த முதல் அட்டை. காமிக்ஸ் பக்கத் துண்டு உட்படப் பல படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்க, குழுவினர் மிகச் சிறியதாக ஓர் ஓரத்தில் நிற்பார்கள்.

இவற்றைப் பார்த்து ரசித்தால் மட்டும் போதாது. அட்டையின் பிரதிமேல் டிரேசிங் தாளை வைத்து, துண்டுகளின் விளிம்புகளை மட்டும் பென்சிலால் வரையுங்கள். முகமோ நிறமோ வேண்டாம். தாளை எடுத்துப் பார்த்தால் ஒரு துண்டின் விளிம்பு அடுத்த துண்டின் விளிம்பாக எப்படித் தொடர்கிறது என்பது வெறும் கோடாகத் தெரியும். இந்தப் பயிற்சியைவிட விரைவாகக் கற்றுத் தருவது வேறொன்றும் இல்லை.

கேட்பது, குறிப்பெடுப்பது

ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். பாடல் வரியில் கடல் வந்தால் கடல், குதிரை வந்தால் குதிரை என்று குறிக்காதீர்கள். வரிக்குப் படம் போட்டால் அட்டை பாடலுக்கு விளக்கவுரையாகிவிடும். மாறாக அசைவைக் குறியுங்கள்: ஒலி மெல்ல வீங்குகிறதா, திடீரென அறுபடுகிறதா? நெருக்கமா, வெட்டவெளியா? சூடா, குளிரா? எதிரொலி அதிகமுள்ள இசைக்கு ஒரே உருவம் திரும்பத் திரும்பச் சிறுத்துக்கொண்டே போகும் அடுக்கு பொருந்தும். ஒரே சுருதியில் நீளும் இசைக்குச் சமச்சீரான, நடுவில் மையம் கொண்ட படம் பொருந்தும். தாளம் அடிக்கடி உடையும் இசைக்கு ஹோக்கின் வெளிப்படையான வெட்டுகளே சரி.

இசைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: எல்பியாக, அதாவது பெரிய வினைல் இசைத்தட்டாக வருகிறதா, சிடியா, ஸ்ட்ரீமிங் மட்டுமா? எழுத்து அட்டையில் வேண்டுமா? மூலப் படைப்பு யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு

எல்பி உறையின் ஒரு பக்கம் சுமார் 315 மில்லிமீட்டர், அதாவது 12.4 அங்குலம். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது அச்சிட்டபின் வெட்டி எறியப்படும் ஓரம், சேர்த்து, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 3800 பிக்சல் வரும். ஸ்ட்ரீமிங்குக்கு வழக்கமாகக் கேட்பது 3000க்கு 3000 பிக்சல். சிடி முன் அட்டை 120 மில்லிமீட்டர் அளவுதான். எது தேவையானாலும் எல்பி அளவிலேயே செய்யுங்கள். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கினால் படம் கரகரக்கும். அச்சகம் தரும் டெம்ப்ளேட்டை வாங்கி, முதுகுப் பட்டையும் பின்பக்கமும் எங்கே வருகின்றன என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படங்களைச் சேகரிப்பதும் உரிமையும்

பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியதால் அதிலுள்ள புகைப்படம் உங்களுடையது ஆகிவிடாது. வெட்டி ஒட்டினாலும் பதிப்புரிமை ஒட்டிக்கொண்டே வரும். தனிப் பயிற்சிக்கு எதை வேண்டுமானாலும் வெட்டிப் பழகுங்கள். விற்பனைக்குப் போகும் ஆல்பம் என்றால் கதை வேறு.

பாதுகாப்பான வழி, பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்கள். பல நாடுகளில் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு. நல்லவேளையாக, சைகடெலிக் வேலைக்கு மிகச் சிறந்த மூலப்பொருள் இந்தப் பழைய படங்களில்தான் இருக்கிறது. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட 100 தட்டுப்படங்களைப் பாருங்கள். ஜெல்லிமீனும் நுண்ணுயிர்க் கூடுகளும் கனவில் வரும் கோபுரங்கள்போல இருக்கும். ஹெக்கல் 1919இலேயே இறந்துவிட்டார். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட தாவர, விலங்கியல் படங்கள் மலைபோல் கிடக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், ஸ்மித்சோனியன் 2020 முதலும் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தளத்திலும் உயர்தரப் படங்கள் கிடைக்கும். நாசாவின் விண்வெளிப் படங்கள் பொதுவாகப் பதிப்புரிமை அற்றவை. அதன் சின்னத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படங்களில் இரண்டு வகையைத் தவிர்க்க வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்பது ஒன்று, மாற்றம் செய்யக்கூடாது என்பது மற்றொன்று. வெட்டுவதே மாற்றம்தானே.

மனித முகங்களில் கூடுதல் கவனம் தேவை. புகைப்படக்காரரின் உரிமை ஒரு பக்கம், படத்தில் இருப்பவரின் உரிமை இன்னொரு பக்கம். 1967இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' அட்டைக்காகப் பிரபலங்களின் ஆளுயரக் கட்அவுட்களை நிறுத்திப் படமெடுக்க ஏற்பாடு செய்தபோது, இசைத்தட்டு நிறுவனம் உயிரோடிருந்தவர்களிடம் ஒப்புதல் கேட்கச் சொன்னது. நடிகர் லியோ கோர்சி பணம் கேட்டதால் அவர் உருவம் நீக்கப்பட்டது. இந்தியாவில் எதிர்ப்பு வரும் என்று நிறுவனம் அஞ்சியதால் காந்தியின் உருவமும் நீங்கியது. அத்தனை பெரிய குழுவுக்கே அந்த நிலை என்றால் புதியவர் எதற்குத் துணிய வேண்டும்? முகம் வேண்டுமானால் பழைய செதுக்குப் படங்களிலிருந்தோ, ஒப்புதலோடு நீங்களே எடுத்த புகைப்படத்திலிருந்தோ எடுங்கள்.

ஒவ்வொரு படத்தையும் இறக்கும்போதே, எங்கிருந்து, எந்த உரிமத்தில், எந்தத் தேதியில் என்று ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் தேடவே முடியாது.

வெட்டுவது

பதிவிறக்கிய படங்களை மட் தாளில் அச்செடுங்கள். பளபளப்பான தாள் ஸ்கேன் செய்யும்போது ஒளியைத் திருப்பும். ஒரே படத்தை மூன்று நான்கு அளவுகளில் அச்செடுத்து வைத்தால் அடுக்கும்போது கை கட்டப்பட்டதுபோல் இருக்காது.

பெரிய வளைவுகளுக்குக் கத்தரிக்கோல், நுணுக்கத்துக்குப் பேனாப் பிடி கொண்ட கூர்க்கத்தி, அடியில் கட்டிங் மேட். பிளேடை மாற்றக் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடு காகிதத்தை வெட்டாது, கிழிக்கும். கத்தரிக்கோலில் வளைவை வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் காகிதத்தைத் திருப்புங்கள். கை விரலிடுக்கு, கிளை இடுக்கு போன்ற உள் இடங்களை முதலில் வெட்டி, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டினால் துண்டு ஆடாது.

விளிம்பில் தெரியும் வெள்ளைக் காகித நார்தான் பெரிய எதிரி. பிளேடை நேராகப் பிடிக்காமல், வெட்டு படத்தின் அடிப்பக்கமாக உள்ளே சரியும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை படத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். மிச்சம் தெரிவதைச் சாம்பல் பென்சிலாலோ பொருத்தமான நிற மார்க்கராலோ விளிம்பில் மட்டும் தொட்டுவிடுங்கள். சிறிய வேலைதான், ஆனால் ஒட்டுத் துண்டாகத் தெரிவதற்கும் ஒரே படமாகத் தெரிவதற்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இதுதான்.

அடுக்குவது

பசையை இன்னும் எடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பெரிய உருவத்தைப் பின்னணியில் வையுங்கள். பிறகு இரண்டாவது துண்டைக் கையில் எடுத்து, அதன் ஏதாவது ஒரு விளிம்பு முதல் உருவத்தின் ஏதாவது ஒரு கோட்டோடு தொடர்கிறதா என்று நகர்த்தித் தேடுங்கள். தோளின் சரிவு மலைச் சரிவாகலாம். கண்ணிமையின் வளைவு சிப்பியின் வளைவாகலாம். பொருள் பொருந்துகிறதா என்று யோசிக்கவே வேண்டாம். கோடு பொருந்தினால் பொருள் தானாக வந்து சேரும்.

அடுத்தது அளவு மாற்றம். சிறியதைப் பெரிதாகவும் பெரியதைச் சிறிதாகவும் வைப்பது பழைய உத்தி, இன்றும் தோற்காத உத்தி. ஆனால் படத்தில் குறைந்தது ஒரு பொருளாவது அதன் இயல்பான அளவில் இருக்க வேண்டும். நாற்காலியோ நடந்து போகும் மனிதனோ இருந்தால்தான் மேலே எழும் அந்துப்பூச்சி ராட்சதமாகத் தெரியும். எல்லாமே அளவு மாறியிருந்தால் எதுவுமே மாறியதாகத் தோன்றாது.

ஒளியைக் கவனியுங்கள். முதல் உருவத்தின் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தால் மற்றத் துண்டுகளிலும் அப்படியே விழ வேண்டும். எதிர்ப்பக்க ஒளி கொண்ட துண்டை இடவலமாகத் திருப்பி அச்செடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்தோ கடிகாரமோ உள்ள படமாக இருந்தால் மட்டும் திருப்பாதீர்கள். அடிவானமும் அப்படித்தான். எத்தனை நிலக்காட்சிகளைச் சேர்த்தாலும் கண்மட்டக் கோடு ஒன்றாக இருந்தால் அந்த இல்லாத உலகத்துக்குள் பார்ப்பவர் நுழைய முடியும்.

சமச்சீர், அதாவது பாதியைக் கண்ணாடிபோல் மறுபக்கம் திருப்பி வைப்பது, சைகடெலிக் தோற்றத்துக்கு மிக எளிய குறுக்குவழி. எளியது என்பதாலேயே எல்லோரும் செய்கிறார்கள். செய்தால் ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய மாற்றம் ஒன்றை விட்டுவையுங்கள். கண் அதைக் கண்டுபிடிக்கும்வரை அட்டையை விடாது.

வெற்றிடம் வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நிறையத் துண்டுகள் உள்ள பகுதியைக் கண் தாங்க, பக்கத்தில் ஒன்றுமில்லாத வானமோ தட்டை நிறமோ இருந்தாக வேண்டும். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாருங்கள். எடுத்தபின் படம் வாடவில்லை என்றால் அந்தத் துண்டு தேவையில்லை. ஒவ்வொரு நிலையையும் கைபேசியில் படமெடுத்து, சிறு சதுரமாகச் சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலானோர் இந்த அட்டையைப் பார்க்கப்போவது அந்த அளவில்தான்.

ஒட்டுவதும் ஸ்கேனும்

நீர்த்த வெள்ளைப் பசை காகிதத்தைச் சுருக்கும். அமிலமற்ற குச்சிப் பசை தொடக்கத்துக்குப் போதும். துண்டின் நடுவில் மட்டுமின்றி விளிம்புவரை தடவி, மேலே சுத்தமான தாள் வைத்துக் கையால் தேய்த்து, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு விடுங்கள். ஸ்பிரே பசை பயன்படுத்தினால் திறந்த வெளியில் மட்டும்.

ஸ்கேனர் தட்டையான சிசிடி வகையாக இருப்பது நல்லது. மெலிதான சிஐஎஸ் ஸ்கேனர்கள் கண்ணாடியைத் தொடாமல் மேடாக இருக்கும் அடுக்குகளை மங்கலாக்கும். எல்பி அளவுக் கொலாஜ் ஏ4 ஸ்கேனரில் அடங்காது. ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி பகுதி பகுதியாக எடுத்து இணைக்க வேண்டும். அப்போது கொலாஜைத் திருப்பாமல் ஒரே திசையில் நகர்த்துங்கள். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்து அடிப்பதால், திருப்பினால் காகித விளிம்புகளின் நிழல் எதிர்ப்பக்கம் போய்விடும். இணைத்தபின் அது உறுத்தும்.

அச்சிட்ட புத்தகப் பக்கத்தை நேரடியாக ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகள் மொய்ரே என்னும் அலைக்கோலமாக மாறும். இந்தப் புள்ளிகளை நீக்கும் டீஸ்கிரீன் வசதி ஸ்கேனரில் இருந்தால் இயக்குங்கள், அல்லது 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்து, லேசாக மங்கலாக்கிப் பிறகு சிறிதாக்குங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் போதும். செதுக்குப் படங்கள் 1200 டிபிஐயை நன்றாகத் தாங்கும். 5 சென்டிமீட்டர் படம் 20 சென்டிமீட்டராக வளர்ந்தாலும் கோடுகள் கோடுகளாகவே நிற்கும்.

நிறம்

ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா எதுவானாலும் சரி. முதல் வேலையாக முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதிலேயே நிற்கிறதா? நின்றால்தான் நிறத்துக்குப் போக வேண்டும். நிறத்தால் படத்தைக் காப்பாற்ற முடியாது.

1960களின் சான் ஃபிரான்சிஸ்கோ போஸ்டர்களில் நிறங்கள் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலைஞர்களில் ஒருவரான விக்டர் மொஸ்கோஸோ, நிறங்களின் உறவை ஆராய்ந்த ஜோசஃப் ஆல்பர்ஸிடம் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உத்தி இதுதான்: எதிரெதிர் நிறங்கள் இரண்டு, ஒரே செறிவில், ஒரே வெளிச்ச அளவில் ஒட்டி நின்றால் அவற்றின் எல்லையைக் கண்ணால் நிலைநிறுத்த முடியாது. சிவப்பும் நீலப்பச்சையும், ஆரஞ்சும் நீலமும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் துடிப்பு வரும். இதை அட்டை முழுக்கச் செய்தால் கண் வலித்துத் திரும்பிக்கொள்ளும். உங்கள் முக்கிய இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் செய்யுங்கள்.

வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த துண்டுகள் ஒரு குடும்பமாகத் தெரிய, மூன்று நான்கு நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவற்றுக்குள் கொண்டுவாருங்கள். அடுக்குகளைக் கலக்கும் முறைகளில் மல்டிப்ளை முறை வெள்ளையை மறைத்துவிடும் என்பதால் செதுக்குப் படங்களுக்கு ஏற்றது. ஸ்கிரீன் முறை கறுப்பை மறைக்கும் என்பதால் விண்மீன், புகை, மின்னலுக்கு ஏற்றது. அழிப்பானைத் தொடாமல், படத்தை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் மாஸ்க்கில் வேலை செய்யுங்கள். கடைசியில் மேலே ஒரே அடுக்காக மெல்லிய கிரெயின், அதாவது பொடிப்பொடியான புள்ளித் துகள், சேர்த்தால் கணினியில் வெட்டிய துண்டும் காகிதத்தில் வெட்டியதும் ஒரே பரப்பில் படுக்கும்.

திரையில் கொளுத்தும் பச்சையும் ஊதாவும், நான்கு மைகளைக் கொண்டு அச்சிடும் சிஎம்ஒய்கே முறையில் வாடிவிடும். தொடங்கும்போதே, அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் வசதியை இயக்கி வைத்திருந்தால் ஏமாற்றம் இல்லை. உண்மையான ஒளிரும் நிறம் வேண்டுமென்றால் தனி ஃப்ளோரசன்ட் மை ஒன்றை ஐந்தாவது நிறமாக ஓட்ட வேண்டும். செலவு கூடும், அச்சகத்தோடு முன்பே பேசிவிடுங்கள்.

எழுத்து

அதே சான் ஃபிரான்சிஸ்கோ போஸ்டர் கலைஞர்களில் ஒருவரான வெஸ் வில்சன், வியன்னாவின் ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து வடிவத்திலிருந்து வளர்த்தெடுத்த உருகும் எழுத்துகளை எல்லோரும் நகலெடுக்க விரும்புகிறார்கள். கொலாஜ் நெரிசலாக இருந்தால் எழுத்து அமைதியாக இருக்கட்டும். படத்தில் வெற்றிடம் நிறைய இருந்தால் எழுத்தை உருக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்தை உருக்கும்போது புள்ளியும் சுழியும் முதலில் தொலையும், அவற்றைக் கடைசிவரை தனியாகக் காப்பாற்றுங்கள்.

அனுப்புவது

ஸ்ட்ரீமிங் கோப்பு திரைக்கான நிற முறையான ஆர்ஜிபியில், ஜேபெக் அல்லது பிஎன்ஜியாக. அட்டையில் இணைய முகவரி, விலை, சமூக ஊடகப் பெயர் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சுக்கான கோப்பை அச்சகம் கேட்கும் நிறச் சுயவிவரத்தில், ப்ளீட் சேர்த்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள். அதற்குமுன் முழு அளவில் ஒரு தாள் அச்செடுத்து, உறையாக மடித்து, கைநீள தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பில் முகமோ எழுத்தோ சிக்கினால் இப்போதே நகர்த்திவிடலாம். படங்களின் உரிமக் கோப்பையும், பெயர் குறிப்பிட வேண்டிய மூலங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். அவை உள்தாளில் இடம்பெற வேண்டும். அடுக்குகள் பிரிந்தே இருக்கும் மூலக் கோப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் அட்டை, போஸ்டர், அசையும் படம் என்று குழு அடுத்து கேட்கும்போது துண்டுகள் தனித்தனியாக வேண்டியிருக்கும்.